தண்டிக்குடி பக்கம் நாலு ஏக்கர், எந்த வண்டி வாங்கலாம்?

6 ஜூலை 2025, வந்த கேள்வி

"அண்ணே, திருப்பூரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். கொடைக்கானல் கீழ்மலையில் தண்டிக்குடி பக்கம் அப்பாவின் நாலு ஏக்கர் இருக்கிறது. காப்பி, மிளகு, ஊடே மலைவாழை, ஒரு ஏக்கர் சவ்சவ் பந்தல். வாரம் இரண்டு தடவை வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ சரக்கு இறக்க வேண்டும். எட்டு லட்சம் வரை புரட்ட முடியும். மலைக்கு பவர் வேண்டும், பெரிய பிக்கப்பே எடுத்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா?"

6 ஜூலை 2025, இரவு

சரியில்லை தம்பி. ஏற்றத்துக்கு பவர் வேண்டும் என்பது சுற்றுலா வருகிறவர்களின் கணக்கு. அவர்கள் ஆளும் பெட்டியுமாக ஏறி வருகிறார்கள். நம் வண்டி காலியாக ஏறி, பாரத்தோடு இறங்குகிறது. வருடத்தில் நாலைந்து நடை உரமும் சிமெண்டும் ஏற்றுவதை விட்டால் மற்ற நாளெல்லாம் இப்படித்தான். அதனால் இறக்கத்தில் நம் பேச்சைக் கேட்கிற வண்டியைத் தேடு. மீதியை நாளை எழுதுகிறேன், இங்கே கரண்ட் இல்லை.

7 ஜூலை 2025

நேற்று சொன்னதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். என் மகள் பத்தாம் வகுப்பு இயற்பியல் படிக்கும்போது அவளோடு உட்கார்ந்து போட்டது.

வண்டியும் சரக்கும் சேர்த்து 1,900 கிலோ என்று வை. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது. அந்த எடை இறங்கும்போது வெளிவிடுகிற ஆற்றல் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேல். ஒரு கிலோவாட் ஹீட்டரை ஐந்து மணி நேரம் எரிய விட்டால் வரும் சூடு அது. வண்டி கீழே போய்ச் சேருவதற்குள் அத்தனை சூடும் எங்கேயாவது போயாக வேண்டும். இன்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் இறக்காவிட்டால் மீதி எல்லாம் நாலு சக்கரத்துப் பிரேக்குக்குத்தான். டிரம் சுடச்சுட லைனிங்கின் பிடி தளரும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் கொதித்துவிடும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை தாங்கும். அதே ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கக் கூடும். கொதித்தால் குழாயில் குமிழி விழும், பெடல் தரையோடு போய் ஒட்டும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. பெரும்பாறைக்குக் கீழே சித்தரேவு இறக்கம், விடியற்காலை நாலரை மணி, பதினாறு மூட்டை சவ்சவ். டீசல் மிச்சம் என்று நேரான இடங்களில் நியூட்ரலில் விட்டுக்கொண்டு வந்தேன். பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தேன், கால் இறங்கிக்கொண்டே போனது. மலைப் பக்க வாய்க்காலில் சக்கரத்தை விட்டு, பாறையில் உரசி நிறுத்தினேன். பக்கத்தில் என் மச்சான் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இப்போதைய வண்டிகளில் நியூட்ரலில் விடுவதால் டீசல் மிச்சமும் கிடையாது. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே எண்ணெயை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்க எண்ணெய் குடிக்கும்.

10 ஜூலை 2025

சரி, வண்டிகளுக்கு வருகிறேன். முதலில் உன் சரக்கை எடை போடு.

ஒரு ஏக்கர் பந்தலில் நல்ல மாதத்தில் எனக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு மூட்டை வரும், மூட்டைக்கு 50 கிலோ கட்டு. வாரம் இரண்டு நடை என்றால் நடைக்கு 300 கிலோ. மேலே நாலைந்து வாழைத்தார், கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். காப்பி எவ்வளவு வரும் உனக்கு? இரண்டரை ஏக்கரில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் பார்ச்மென்ட், அதாவது பழத்தோல் நீக்கிக் காயவைத்த கொட்டை, ஒரு டன்னைத் தொட்டால் பெரிது. மிளகு சில மூட்டை. ஆக, ஒன்றரை டன் ஏற்றுகிற வண்டிக்கு உன்னிடம் வேலையே இல்லை.

முக்கால் டன் வண்டி போதும். டாடா ஏஸ் 2005இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். கீழ்மலைக்கு முதன்முதலில் வந்தபோது இது மலை ஏறுமா என்று டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஏறியது. மெதுவாக ஏறியது, அவ்வளவுதான். குட்டி யானை என்ற பெயர் நிலைத்துவிட்டது. மாருதி சூப்பர் கேரி 2016இல் வந்தது. இப்போது பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் மட்டும்தான். பெட்ரோலுக்கு 740 கிலோ, சி.என்.ஜி.க்கு 625. போன மாதம் ஏஸ் ப்ரோ என்று புதிதாக விட்டிருக்கிறார்கள், 750 கிலோ, ஷோரூம் விலை 3.99 லட்சத்தில் தொடக்கம். சி.என்.ஜி. நமக்கு வேண்டாம். அது கிடைக்கிற இடமெல்லாம் கீழே, சிலிண்டரோ சரக்கு எடையைத் தின்கிறது.

அடுத்த படி ஒன்றேகால் டன்: அசோக் லேலண்ட் தோஸ்த், 2011இலிருந்து ஓசூரில் செய்வது, மூன்று சிலிண்டர் டீசல். டாடா இன்ட்ரா வி30ம் அந்த அளவுதான். அதற்கும் மேலே மகிந்திரா பொலேரோ பிக்கப். ஒன்பதடி நீளப் பெட்டி, சட்டம் பலம், மலை முழுக்க மெக்கானிக் உண்டு. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பூண்டும் உருளையும் கேரட்டும் மொத்தமாக இறக்குகிறவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சரக்குக்கு அது சரி.

இருந்தாலும் உனக்கு நான் தோஸ்த் வகைதான் சொல்வேன். முக்கால் டன் போதும் என்று மேலே எழுதிவிட்டு ஏன் அடுத்ததைச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் யாரும் 750 கிலோ வண்டியில் 750 கிலோ ஏற்றுவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் நாலு மூட்டை போட்டுக்கொள்ளச் சொல்வார், மறுக்க முடியாது. எடுத்த எடுப்பில் ஒரு படி மேலே இருந்தால் அந்த நாலு மூட்டை பிரேக்குக்குப் பாரமாகாது.

13 ஜூலை 2025

வேன் எப்படி என்று கேட்டிருந்தாய். ஆம்னி 2019இல் நின்றுபோனது. எங்கள் மலையில் ஓடுவதெல்லாம் பழசு. ஈக்கோவின் சரக்கு மாடல் நல்ல யோசனைதான், ஆனால் ஒரு காரணத்துக்காக மட்டும்: மூடிய வண்டி. பார்ச்மென்ட் காப்பியை வெயிலில் காயவைத்து, பட்டிவீரன்பட்டிக்குக் கொண்டுபோகிற வழியில் தார்ப்பாய் ஓட்டையில் நனைந்தால் அத்தனை நாள் உழைப்பும் போய்விடும். வேனில் அந்தக் கவலை இல்லை. ஆனால் வாழைத்தாரை வேனில் ஏற்றிப் பார். நிறுத்தி அடுக்க உயரம் போதாது, படுக்க வைத்தால் காய் கன்றும். பஞ்சாமிர்தத்துக்கு வாங்குகிறவர்கள் கன்றின பழத்தைத் தொட மாட்டார்கள். சவ்சவ்வுக்கும் அப்படித்தான், மூச்சு முட்டினால் முளை விட ஆரம்பித்துவிடும்.

காப்பி மட்டும் இருக்கிறவருக்கு வேன். உனக்கு இல்லை.

19 ஜூலை 2025

கோத்தகிரியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பச்சைத் தேயிலை ஏற்றுகிறவர். அவர் சொல்வது நம் கணக்கையே புரட்டிப் போடுகிறது. இலை கனமே இல்லை, இடத்தைத்தான் அடைக்கும். அழுத்தி ஏற்றினால் உள்ளே வெந்து சிவந்துவிடும், ஃபாக்டரியில் எடுக்க மாட்டார்கள். அதனால் அவர் டன் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகலத்தையும் கூண்டின் உயரத்தையும் பார்க்கிறார். அதே நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் எடுக்கிறவருக்கு நேர் எதிர். இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்கி, கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட மேட்டுப்பாளையம் இறக்குவார்கள். அது கனம். ஆக, "மலைக்கு எந்த வண்டி" என்பதற்குப் பொதுப் பதில் கிடையாது என்று அவர் எழுதியது சரி. உன் சரக்கு இரண்டுக்கும் நடுவில்.

கூண்டு கட்டுவது பற்றியும் அவர் எச்சரித்திருக்கிறார், அதையும் ஏற்கிறேன். உயரமாகக் கட்டினால் உயரமாக ஏற்றத் தோன்றும். கொண்டை ஊசி வளைவில் மேல் பாரம் ஆடும்போது வெளிப்பக்கச் சக்கரம் படுகிற பாடு ஸ்டீயரிங்கிலேயே தெரியும்.

2 ஆகஸ்ட் 2025

தம்பி, உன் தோட்டத்தை நேற்றுதான் நேரில் பார்த்தேன். இதுவரை எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டும்.

என் தோட்டம் தார் ரோட்டுக்கு மேலே. அதனால் நிறைந்த வண்டி வாசலிலிருந்தே இறங்குகிறது. உன் தோட்டம் ரோட்டுக்குக் கீழே, ஓடையை ஒட்டி. உன் வண்டி முதல் 400 மீட்டர் பாரத்தோடு ஏற வேண்டும், அதுவும் மண் பாதையில், மரநிழலில் வெயிலே படாத களிமண்ணில். அப்புறம்தான் இறக்கம். நான் உன்னிடம் கேட்காமலே என் தோட்டத்தை மனதில் வைத்து எழுதிவிட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்த 400 மீட்டருக்காக வண்டியைத் தேர்ந்தெடுத்தால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும். பழைய ஜீப்புகள் அதற்குத்தான் இன்னமும் நம் பக்கம் உயிரோடு இருக்கின்றன. பியூஜோ இன்ஜின் போட்ட மகிந்திரா 540 ஜீப் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. மரத்தை அறுத்து ஒதுக்கிய இடைவெளியில் முதலில் நுழைந்தது அந்த ஜீப்தான். அரிசியும் மருந்தும் அதில்தான் போயின. அதை விற்றது இன்றைக்கும் எனக்கு வருத்தம். ஆனால் அதன் பின்னால் ஏற்றக்கூடியது பத்து மூட்டை, வத்தலக்குண்டு போய் வர அது குடிக்கிற டீசலுக்கு நாலு மூட்டை போய்விடும்.

யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட் 2025

யோசித்தேன். வண்டியைத் தோட்டத்துக்குள் இறக்காதே.

ரோட்டோரம் உங்கள் எல்லைக்கல் பக்கத்தில் ஒரு சமதளம் இருக்கிறதே, அங்கே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கொட்டகை போடு. தோட்டத்திலிருந்து அங்கே வரைக்கும் குதிரை. உன் அப்பா காலத்தில் அப்படித்தான் நடந்தது. குதிரைக்கு இரண்டு மூட்டை, ஆறு நடையில் உன் வாரச் சரக்கு மேலே வந்துவிடும். எங்கள் பக்கம் இன்னும் குதிரை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், நடைக் கூலிக்கு வருவார்கள். மழை மாதத்திலும் குதிரை சறுக்காது.

இதைச் சொன்னதும் "அப்போ வண்டி எதற்கு, குதிரையே வத்தலக்குண்டு போகட்டுமே" என்று உன் அம்மா சிரித்தார்களாம். அவர்கள் மாமனார் காலத்தில் குதிரை மலை இறங்கியே போயிருக்கிறது என்று சொல்லு, ஒப்புக்கொள்வார்கள்.

400 மீட்டருக்காக நாலு சக்கரம் இழுக்கிற வண்டியை வாங்கி, மீதி ஐம்பது கிலோமீட்டருக்கும் அதற்குத் தீனி போடுவதை விட இது மலிவு. குதிரை வைத்தால் வண்டியையும் சிறிதாக்கலாம். தார் ரோட்டில் மட்டும் ஓடும், பக்கத்துக்காரர் மூட்டையும் கொட்டகைக்கு வந்தால்தான் ஏறும், எத்தனை என்று நீ எண்ணலாம். ஆகவே ஜூலை 10இல் தோஸ்த் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முக்கால் டன்.

17 ஆகஸ்ட் 2025

அச்சுக்கு மேலே பாரம் தாங்குகிற வில் பட்டை பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். புது வண்டி எடுத்ததும் பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் பாரம் தாங்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். தாங்கும். ஆனால் பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி ஒரு வால்வைப் பிடித்திருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது அந்தக் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியில் குறைத்துவிடும், பின் சக்கரம் பூட்டிச் சறுக்காமலிருக்க. நீ பட்டையைக் கூட்டினால் வண்டி அமுங்காது. வால்வுக்கு வண்டி காலியாக இருப்பதாகவே தெரியும். முழுப் பாரத்தோடு இறங்கும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் வெந்து சாகும்.

இதை எனக்குச் சொன்னவர் பட்டிவீரன்பட்டிப் பக்கத்து வயசான மெக்கானிக். பட்டை போட்டே தீருவேன் என்றால் வால்வுக் கம்பியையும் புது உயரத்துக்குச் சரிசெய்தாக வேண்டும். செய்கிறவர்கள் மிகக் குறைவு. பட்டை வேண்டாம், மூட்டையைக் குறை.

6 செப்டம்பர் 2025

பேட்டரி வண்டி பற்றி உன் மைத்துனர் கேட்டது நியாயமான கேள்வி. ஏஸ் இ.வி. 2022இல் வந்தது. ஜூலை 7ஆம் தேதி கணக்கை நினைத்துப் பார்: இறங்கும்போது 5 யூனிட். டீசல் வண்டியில் அது வீணாகச் சூடாகிப் போகிறது. பேட்டரி வண்டியில் அதில் ஒரு பங்கு திரும்பப் பேட்டரிக்குள் போகும். நிறைந்து இறங்கி, காலியாக ஏறுகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா என்று ஒரு வாரம் அதே நினைப்பாக இருந்தேன்.

இரண்டு இடத்தில் இடிக்கிறது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, நிறைந்த பேட்டரியோடு விடிகாலையில் இறங்க ஆரம்பித்தால் திரும்ப வருகிற மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது. வண்டி அப்போது அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது, பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். எண்பது சதவீதத்தில் நிறுத்திவிட்டு இறங்கினால் சரியாகும். இன்னொன்று நம் கரண்ட். ஐப்பசி கார்த்திகையில் காற்றடித்தால் இரண்டு நாள் இல்லாமல் போவது உனக்கே தெரியும். சரக்கு அறுத்து வைத்துவிட்டு வண்டிக்கு சார்ஜ் இல்லை என்றால் என்ன செய்வாய்? மூன்று நாலு வருடம் கழித்து நான் வாங்கக் கூடும். இப்போது உனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

24 செப்டம்பர் 2025

முந்தாநாள் 22ஆம் தேதியிலிருந்து சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஜூலையிலேயே வாங்கு என்று உன்னை நான் அவசரப்படுத்தாதது நல்லதாயிற்று. பழைய வண்டி விற்கிறவர்களும் இனி விலை இறங்கி வருவார்கள். பேசிப் பார்.

கையில் எட்டு லட்சம் இருக்கிறது என்பதற்காக எட்டு லட்சத்துக்கும் வண்டி எடுக்காதே. சவ்சவ் விலை படுத்துவிட்டால் பறிக்கிற கூலி கூடத் தேறாமல் கொடியிலேயே விடுகிற மாதங்கள் உண்டு. அந்த மாதமும் தவணை வரும். நான் வண்டி வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். வருடக் கடைசியில் எண்ணினால் 61 நடை. அந்த வாடகையையும் தவணை, காப்பீடு, டயர் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துத்தான் வாங்கினேன். உனக்கு நடை அதைவிடக் கூடுதலாக வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எழுதிப் பார்.

11 அக்டோபர் 2025

காகித விஷயம், சுருக்கமாக. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. முக்கால் டன் வண்டிகள் எல்லாம் இதற்குள் அடங்கும், பெரிய பிக்கப்களில் சில தாண்டும். லைசென்ஸ்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. எஃப்.சி., அதாவது வண்டித் தகுதிச் சான்று, முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கொரு தடவை, அப்புறம் வருடா வருடம். கொடைக்கானல் இ-பாஸ் பற்றிப் பயப்படாதே, உள்ளூர் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும் விலக்கு உண்டு.

இன்னொன்றைச் சுருக்க மாட்டேன். பின்னால் ஆள் ஏற்றாதே. பறிப்பு முடிந்து மழை தூறும்போது எட்டு பெண்கள் ரோட்டில் நின்றுகொண்டு "அப்படியே ஏறிக்கிறோம்" என்பார்கள். மறுப்பது கஷ்டம், எனக்குத் தெரியும், அதில் பாதிப் பேர் அத்தையும் சின்னம்மாவும். ஆனால் சரக்கு வண்டியில் சரக்கோடு வருகிற உரிமையாளருக்கோ அவர் சார்பில் வருகிறவருக்கோதான் காப்பீட்டில் இடம். சும்மா ஏறி வருகிறவருக்கு ஒன்றுமில்லை. அதற்கும் மேலே, வளைவில் அவர்கள் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது. கூலியோடு பஸ் காசையும் சேர்த்துக் கொடு. நான் அப்படித்தான் செய்கிறேன்.

29 அக்டோபர் 2025

மழை பிடித்துவிட்டது. இன்றைக்குக் காலை என் காலி வண்டி என் வாசல் ஏற்றத்திலேயே பின் சக்கரம் சுழன்று நின்றது. பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் பின்னால் பாரம் இல்லாவிட்டால் பிடி கிடையாது. எப்போதும் போல நாலு மூட்டை மணலைப் பின் அச்சுக்கு மேலே போட்டதும் ஏறிவிட்டது. ஐப்பசி முழுக்க, காலியாக ஏறும்போது அந்த மணல் மூட்டை வண்டியில் இருக்கும்.

டயர் தேய்ந்த பிறகு அதன் மேலேயே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடலாமா என்றால், சமவெளியில் ஓடுகிறவர் போடட்டும். நம் இறக்கத்துச் சூட்டில் ஒட்டு பிரிந்து நான் பார்த்திருக்கிறேன்.

16 நவம்பர் 2025

என் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டீசல் வண்டி, பேர் வேண்டாம், மாதம் ஒரு தடவை மஞ்சள் விளக்கு எரிந்து பவர் இறங்கிவிடுகிறது. பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வருகிற டீசல்களில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது. அது பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, ஒரே வேகத்தில் இருபது முப்பது நிமிடமாவது ஓட வேண்டும். தோட்டத்துக்கும் ஊருக்கும் நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவருக்கு அந்த ஓட்டம் கிடைப்பதே இல்லை. ஷோரூமில் இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது வாரம் ஒருமுறை கீழே இறங்கி நாலுவழிச் சாலையில் ஓட்டிவிட்டு வருகிறார்.

இதனால் உனக்குப் பெட்ரோல் வண்டியைச் சொல்லத் தோன்றுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீ காலியாகத்தான் ஏறுகிறாய். இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோல் இன்ஜின் நன்றாகவே இழுத்துப் பிடிக்கும்.

14 டிசம்பர் 2025

வத்தலக்குண்டில் பழைய பெட்ரோல் வண்டி ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னாய், மூன்று வருடம் ஓடியது, 740 கிலோ. நானும் வருகிறேன். வருவதற்குள் நீயே பார்த்து வைக்க வேண்டியது:

சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் கைப்பிரேக்கை மட்டும் போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா. நின்ற இடத்திலேயே நிற்கிறதா பார். அப்புறம் இரண்டாம் கியரில் இறக்கத்தில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடு. கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டி வேண்டாம், விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். நம் வளைவு ஒன்றில் அது கழன்றால் என்ன ஆகும் என்று ஜூலையிலேயே எழுதிவிட்டேன். பெட்டிக்கு அடியில் துரு இருக்கிறதா, முன்பு மீனோ உப்போ ஏற்றியிருக்கிறார்களா என்று மோந்து பார். பட்டை கூட்டியிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்.

21 டிசம்பர் 2025

பார்த்தோம். கைப்பிரேக் நின்றது, கியர் நின்றது. பட்டை எண்ணிக்கை சரி. பின் டயர் இரண்டும் ரீட்ரெட், அதற்கு விலையில் கழித்தாயிற்று. பிரேக் ஆயில் டீத்தூள் தண்ணீர் போல இருந்தது. விற்றவரிடம் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன், யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். அங்கேயே பட்டறையில் டாட் 4 மாற்றிவிட்டுத்தான் மலை ஏற்றினோம்.

மீந்த பணத்தில் கொட்டகைக்குத் தகரமும், பின் சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு வேங்கைக் கட்டையும் வாங்கச் சொன்னேன். கட்டையைக் கையோடு வாங்கிவிட்டாய்.

18 ஜனவரி 2026

கொட்டகை தயார். பார்ச்மென்ட் பதினோரு மூட்டை காய்ந்துவிட்டது, குதிரை மேலே கொண்டுவந்து போட்டாயிற்று. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, இருட்டில் இல்லை, நன்றாக விடிந்த பிறகு, பட்டிவீரன்பட்டிக்கு இறக்குகிறோம். பெரும்பாறை தாண்டியதும் ஏற்ற கியரிலேயே இறங்கு. எதிரே வண்டி ஏறி வந்தால் நீதான் ஒதுங்கி வழி விட வேண்டும். என் வண்டியில் உனக்குப் பின்னால் வருகிறேன். முதல் நாலு வளைவு தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, இறங்கி, டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார். தொடாதே, பக்கத்தில் மட்டும்.

தார்ப்பாய் இரண்டு கொண்டு வா. மச்சானும் வருவதாகச் சொல்கிறார், என் வண்டியில் ஏறிக்கொள்வார்.